கையொப்பம்

கிலாய்பெடா துறைமுகம். பிப்ரவரி. மைனஸ் ஒன்பது.
நகராட்சி அனுப்பிய ஆள் நான்.
தோள்பையில் முப்பது பஞ்சுக்குச்சிகள்,
முப்பது மூடிக்குழாய்கள்,
மதியத்துக்கு அவித்த முட்டை இரண்டு.

முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில்
பத்தொன்பது பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு.
ஒருவர் ஞாயிறு விடியுமுன் போய்விட்டார்.
அவருடைய கம்பளிச் செருப்புகள் மட்டும்
இன்னும் ஹீட்டர் அருகே காய்ந்துகொண்டிருந்தன.

கோட்டைக் கழற்றுமுன்பே
குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள்:
ஸெனோனாஸ், எண்பத்து நான்கு வயது,
படகுகளுக்கு எஞ்சின் பார்த்தவர்.
அவர் தலையணைக்கடியில்
செய்தித்தாளில் சுற்றிய
புகையிட்ட விலாங்கு.

"சனிக்கிழமைதோறும் மருமகன் கடத்திவருகிறான்"
என்றார் மேலாளர் டங்குவோலே.
"எடுத்து எறிந்தாயிற்று.
கையுறை போட்டுத்தான்."

பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் காட்டும் பிராணி.
பழி போட வாகான உடம்பு அதற்கு.
செவ்வாய் மாலைவரை
நானும் நம்பினேன்.

கதவுப்பிடி, லிப்ட் பொத்தான், குழாய்த் திருகு,
டிவி ரிமோட் (இரண்டாம் எண் தேய்ந்து அழிந்தது),
ஸெனோனாஸின் தலையணை உறை,
குப்பையிலிருந்து மீட்ட செய்தித்தாள்:
எல்லாவற்றையும் தடவிக் குழாயில் அடைத்தேன்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.
"இங்கே காலையில் கஞ்சி.
மதியம் கஞ்சிக்கு வேறு பெயர்.
ராத்திரி, பெயர் வைக்காத கஞ்சி.
வந்ததிலிருந்து பதினொரு கிலோ போயிற்று.
பெல்ட்டில் நானே நாலு துளை போட்டேன், பார்."

விலாங்கை யாருடன் பகிர்ந்தீர்கள் என்றேன்.
"பகிர்வதா?" என்றார்.
அவமானப்பட்ட முகம்.

அப்போதுதான் உறைத்தது:
அந்த மாடியில்
நோய் தொடாத ஒரே ஆள் அவர்.
தன் கையால் எடுத்துத் தின்பவரும் அவர் ஒருவரே.
மற்றவர்களுக்கு ஊட்டினார்கள்.

அன்றிரவு பதினொன்றரைக்கு
என் வயிறு புரண்டது.
விடியும்வரை குளியலறைத் தரையில்
கன்னம் பதித்துக் கிடந்தேன்.
ஓடு குளிர்ச்சியாக, அன்பாக இருந்தது.
இடையிடையே ஒரு வாக்கியம் மட்டும்
தெளிவாக வந்து வந்து போனது:
நான் விலாங்கு தின்னவில்லை.

எங்கே தொட்டேன்?
கையுறை இல்லாமல், திங்களன்று, எதை?

புதன் மதியம் சுவரைப் பிடித்து எழுந்து
தொலைபேசியில் சொன்னேன்:
வாசல் பதிவேட்டின் பேனா.
நூலில் கட்டித் தொங்குமே, அது.
அதையும் தடவி அனுப்புங்கள்.

வியாழன் முடிவு வந்தது.
ரிமோட் சுத்தம். தலையணை சுத்தம்.
விலாங்கு சுற்றிய தாள், சுத்தம்.
பேனா மட்டும்
கூட்டமாக உயிரோடு இருந்தது.

பதிவேட்டைத் திறந்தால் நான்காவது கட்டம்:
"கைகளைச் சுத்தம் செய்தேன்."
நூற்று நாற்பது கையொப்பங்கள்.
பிள்ளைகள், பேத்திகள், பாதிரியார்,
மூன்று ஷிப்ட் பணிப்பெண்கள்.
யாரும் பொய் சொல்லவில்லை.
கழுவினார்கள்,
கழுவியதாக எழுதினார்கள்,
எழுதிய கையோடு போய்க் கரண்டியைப் பிடித்தார்கள்.

திங்கள், ஒன்பது பத்துக்கு
என் பெயரும் இருந்தது, அழகான எழுத்தில்.
அதே கையால்தான்
முட்டை உரித்தேன்.

அறிக்கையில் பதினான்கு பரிந்துரைகள் எழுதினேன்.
சோப்பு, ஓடும் தண்ணீர்,
ஜெல்லை மட்டும் நம்ப வேண்டாம்,
உடம்பு சரியில்லாத பணிப்பெண்ணுக்குச்
சம்பளத்தோடு விடுப்பு.
(இதை அடிக்கோடிட்டேன். வெட்டுவார்கள்.)
கஞ்சியைப் பற்றியும் ஒரு பத்தி:
மெலிந்த உடம்பில் நோய்க்குக் கதவு தட்டும் வேலை இல்லை.

பறித்த விலாங்குக்கு ஈடு தரும் கட்டம்
படிவத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை படகுத்துறைச் சந்தையில்
அரைக் கிலோ வாங்கி
ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போனேன்.
வாசலில் புதுப் பேனா. புது நூல்.
பணிப்பெண் நீட்டினாள்.

என் பேனாவை எடுத்தேன்.
அவள் முகம் சற்றுச் சுருங்கியது.